பழைய ராணுவ ரைஃபிள் சேகரிப்பவர்கள் 'மேட்சிங் நம்பர்' என்று எதைச் சொல்கிறார்கள்? அதற்கு ஏன் இத்தனை மதிப்பு?

தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கிக்குக் கொடுத்த வரிசை எண், அதன் பாகங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தால் அதுதான் மேட்சிங் நம்பர். 1935-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற மவுசர் கார்98கே ரைஃபிளில், தொடக்ககாலத்தில் செய்தவற்றில், சின்னத் திருகாணிகளில்கூட அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும்!

இப்படி எண் போட்டதற்குக் காரணம் எளிது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்பக்கத்தைப் பூட்டி வைக்கும் இரும்புத் தண்டுதான் போல்ட். வெடிக்கும்போது வரும் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தத் துப்பாக்கிக்குச் சரிபார்த்துத்தான் பொருத்தினார்கள். எண் போட்டால் கழற்றித் துடைக்கும்போது மாறிப்போகாது.

பழைய புல்லட் பைக் வாங்கப் போகிறவர் ஆர்.சி. புத்தகத்தை வைத்து என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் பார்ப்பார் இல்லையா, அதே கதைதான்.

ஆனால் இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய கார்98கேக்கள் ஏராளம். போருக்குப் பிறகு அவற்றைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, கிடைத்ததைக் கொண்டு திரும்பக் கோத்து, ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு பூசிக் கிடங்கில் அடுக்கினார்கள். அதனால்தான் கலப்படம் இல்லாத ஒன்று கிடைப்பது அபூர்வம், விலையும் பல மடங்கு. எனக்கென்னவோ, அந்தக் கலப்பட ரைஃபிளிலும் ஒரு முழு வரலாறு இருக்கிறது.

எண்கள் பொருந்தினாலே அசல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்த சோவியத் கிடங்குகளே வேறு போல்ட்டில் புது எண் பொறித்துப் பொருத்தியிருக்கின்றன, எனவே பொறித்த எண்களின் வடிவத்தையும் பாருங்கள்.