சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்கிறார்கள். இனி தடுக்க முடியுமா?

வெறும் வயிற்றில் 108 வந்திருப்பதாகவும், "எப்படியும் வரத்தான் போகிறது, இப்போதே எதற்கு வாயைக் கட்ட வேண்டும்" என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கையில் கொடுத்தார்கள். கடைசி மடக்கு தொண்டையில் இறங்க மறுத்தது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 168. 140-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 200-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் நடுவில் நின்றேன். சர்க்கரையால் கால் விரலை இழந்தவர் என் அப்பா. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தைரியம் கொடுத்தது நம் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. என்னைப் போல நடுவில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கிப் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பாதிக்கும் மேல்! உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். நடைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. நடந்தவர்களின் எடை சொல்லும்படி குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடை இயந்திரத்தின் முள் நகரவில்லை என்று மூன்றாவது மாதத்தில் நடையை நிறுத்துபவர்களை நாகேஸ்வரராவ் பூங்காவில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். மனம் வலிக்கிறது.

நான் இரவுச் சோற்றை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாக்கினேன். அந்த இடத்தைக் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் பிடித்துக்கொண்டன. காபியில் சர்க்கரையை விடுவதுதான் கடினமாக இருந்தது, முழுதாக ஒரு மாதம் ஆயிற்று. போன மாதம் இரண்டு மணி நேர அளவு 134.

நீங்களும் அந்த இரண்டு மணி நேரப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 168 வந்த அன்று எனக்கு வெறும் வயிற்றில் 96 தான் இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.