பூஸ்டுக்கு முன்னால் பெட்ரோல் கணக்கு

வாசகர் கேள்விகளுக்கு வேலந்தாவளத்தில் கார் பட்டறை நடத்தும் மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: அண்ணா, வீட்டில் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 நிற்கிறது. நானே எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் மாட்டி, மேலே ஒரு டர்போவும் வைக்க ஆசை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– பாலிடெக்னிக் மாணவர், கொழிஞ்சாம்பாறை

நல்ல ஆசைதான் தம்பி. ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தொடாதீர்கள். டர்போ என்பது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் வண்டி இழுக்காது, தும்மும், அவ்வளவுதான். பூஸ்டில் இருக்கும்போது அதே குறை வந்தால் நாக்கிங் அடித்து, அதாவது கலவை நேரம் தப்பித் தானாக வெடித்து, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு உடைந்துவிடும். அதனால் முதலில் இன்ஜெக்‌ஷன் மட்டும். வெயில், மழை, காலைக் குளிர் எல்லாவற்றிலும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஐடிலிங் நின்று ஓடட்டும். டர்போவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியை வடிவமைத்து, வாங்குபவரே சால்டரிங் வைத்துச் சேர்த்துக்கொள்ளும்படி கொடுத்தார்கள். வீட்டிலேயே இன்ஜெக்‌ஷன் செய்கிற பழக்கம் உலகம் முழுக்கப் பரவ அது பெரிய காரணம். இப்போது அர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடும் ஸ்பீடுயினோவும் இருக்கிறது. அதன் சர்க்யூட், புரோகிராம் இரண்டும் திறந்தே கிடக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற உங்களுக்கு அதுதான் சரி, ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படிக்கலாம்.

காரைப் பிரிப்பதற்கு முன் சென்சார்களை மேஜையில் வைத்துப் பழகுங்கள். கூலன்ட் சென்சாரில் மல்டிமீட்டரை மாட்டி, ஐஸ் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கொதிக்கிற தண்ணீர் என்று மூன்றிலும் முக்கிப் பாருங்கள். பாஷ் வகை சென்சார் 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம் காட்டும், கொதிநீரில் 200 ஓமுக்குக் கீழே இறங்கிவிடும். சாஃப்ட்வேரில் நீங்கள் எழுதப் போவது இந்த எண்களைத்தான். மேப் சென்சார், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக் குழாயில் உள்ள காற்றழுத்தத்தைச் சொல்வது, அதற்கு ஐந்து வோல்ட் கொடுத்து, மூக்கில் ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகுங்கள். எம்பிஎக்ஸ் 4250 என்றால் சும்மா இருக்கும்போது 1.8 வோல்ட் பக்கம் நிற்கும். பிஸ்டனை வெளியே இழுத்தால் இறங்கும், உள்ளே அழுத்தினால் ஏறும். இழுப்பது ஐடிலிங், அழுத்துவது பூஸ்ட். இதைக் கையால் உணர்ந்த பையன் அப்புறம் லேப்டாப் திரையைப் பார்த்து மிரள மாட்டான்.

காரில் வேலையைத் தொடங்கும்போதும், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். இக்னிஷன் காயிலின் நெகடிவிலிருந்து ஆர்பிஎம் சிக்னல் எடுத்து, பெட்ரோலை மட்டும் போர்டு பார்த்துக்கொள்ளட்டும். எம்பிஎஃப்ஐ 800, அதாவது கம்பெனியிலேயே இன்ஜெக்‌ஷனோடு வந்த 800, அதன் இன்டேக் மேனிஃபோல்டு பழைய சாமான் கடையில் கிடைக்கும். உங்கள் எஞ்சின் கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இன்ஜெக்டர் எத்தனை சிசி வாங்குவது? கடையில் 440 சிசி போடுங்கள், பவர் வரும் என்கிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

உங்களுடையதும் 800 என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜெக்டருக்குச் சொல்லும் சிசி, அது நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றும் என்பது. கடைக்காரர் சொல்வதைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டால் இன்ஜெக்‌ஷன் என்பதே என்ன என்று விளங்கிவிடும்.

796 சிசி, மூன்று சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. 25 டிகிரி காற்று ஒரு லிட்டர் 1.18 கிராம் எடை. சிலிண்டர் முழுக்க நிறைவதில்லை, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு உள்ளே போவது கால் கிராம் காற்று. முழு ஆக்ஸிலரேட்டரில் 12.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால், தேவை 0.0196 கிராம், அளவில் 0.026 சிசி. நிமிடத்துக்கு 160 சிசி கொடுக்கும் இன்ஜெக்டர் இதை ஊற்ற 10 மில்லிசெகண்ட் வேண்டும். வால்வு திறக்க ஆகிற நேரம் ஒரு மில்லிசெகண்ட் சேர்த்து 11. 6,000 ஆர்பிஎம்மில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற 20 மில்லிசெகண்ட் ஆகிறது. அப்படியானால் இன்ஜெக்டர் பாதி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் திறந்திருக்கிறது. தாராளம்.

இப்போது அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் பாதி, ஏற்றுங்கள். மேப் 150 கிலோபாஸ்கல், அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் தாண்டி வரும் காற்று 50 டிகிரி, கலவை 11.8. அதே கணக்கைத் திரும்பப் போட்டால் 16 மில்லிசெகண்ட் பக்கம் வரும், 20-இல் 80 சதவீதம். இன்ஜெக்டரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஆக, டர்போ வைத்தாலும் இந்தச் சின்ன எஞ்சினுக்கு 160 எட்டிப் பிடிக்கிறது. 440 சிசி மாட்டினால் ஐடிலிங்கில் ஒரு மில்லிசெகண்ட் ஊற்றினாலே போதும் என்றாகிவிடும். அது வால்வு திறந்து மூடுகிற நேரமேதான், அந்த அளவில் எந்த இன்ஜெக்டரும் ஒரே மாதிரி ஊற்றாது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி குலுங்கும், பிளக் கறுக்கும். பவர் காற்றிலிருந்து வருகிறது, இன்ஜெக்டர் அந்தக் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலைக் கொடுக்கத்தான்.

இந்த எண்கள் மூன்று பார் பெட்ரோல் அழுத்தத்துக்கு. கார்புரேட்டர் பம்ப் இதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தராது. டேங்குக்குள் இன்ஜெக்‌ஷன் பம்ப், ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன் மூன்றும் வேண்டும்.

கேள்வி: இ20 பெட்ரோல் வந்தபிறகு பழைய டியூனிங் சரிப்படுமா?
– வாசகர், வாளையார்

சரிப்படாது. சுத்தப் பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.7, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு 13.5 பக்கம். எட்டு சதவீதம் போல அதிகம் ஊற்ற வேண்டும். மேலே பொள்ளாச்சி வாசகருக்குச் சொன்ன 160-ம் அதனால் பூஸ்டில் திணறும், 180 வாங்குங்கள். மீட்டரில் 14.7 போன்ற எண்களைப் பார்க்காமல் லாம்ப்டாவில், அதாவது இருக்கும் கலவையைச் சரியான கலவையால் வகுத்த எண்ணில் பாருங்கள், எந்தப் பெட்ரோலுக்கும் 1 என்றால் சரிசமம்தான். இதற்குப் பாஷ் எல்எஸ்யு 4.9 போல வைட்பேண்ட் சென்சார் வேண்டும். பழைய நேரோபேண்ட் சென்சார் அதிகமா குறைவா என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ்களை எத்தனால் கெடுத்துவிடும், எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஏனுங்க, 36-1 பல் சக்கரம் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டேன். 3,000 ஆர்பிஎம் வரை வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. தாண்டினால் மிஸ்ஸிங். போர்டை மாற்ற வேண்டுமா?
– லேத் பட்டறைக்காரர், கோபாலபுரம்

போர்டைத் தொடாதீங்க. வேகம் ஏற ஏற வருகிற மிஸ்ஸிங் என்றால் முதலில் கிராங்க் சென்சார் வயரைப் பாருங்க. 36 பல்லில் ஒன்று விட்டுப்போன அந்தச் சக்கரத்தைப் பார்த்து எண்ணுவது அதுதான். நீங்கள் வைத்திருப்பது காந்தமும் காயிலும் உள்ள இரண்டு வயர் விஆர் சென்சார் என்றால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்க. தலைகீழாக மாட்டினாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், அதுதான் ஏமாற்றுவது. விட்டுப்போன பல் இருக்கும் இடத்தில் அலையின் வடிவம் குழம்பி, வேகத்தில் எண்ணிக்கை தப்பும்.

அது சரியாக இருந்தால் அப்புறம் கவச வயர். வலைக் கவசத்தை போர்டுப் பக்கம் மட்டும் எர்த் பண்ணணும், இரண்டு முனையிலும் கூடாது. பிளக் வயர் பக்கத்தில் அதைக் கட்டி இழுத்திருந்தால் தள்ளிவையுங்க. ரெசிஸ்டர் பிளக்தானா என்று பாருங்க. சென்சார்களின் எர்த்தை எல்லாம் போர்டுக்கே கொண்டு வந்து, போர்டின் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் இறுக்குங்க. ஒன்று பாடியில், ஒன்று பிளாக்கில் என்று கொடுத்தால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் சென்சார் அளவு குதிக்கும். எங்கள் பட்டறைக்கு போர்டு கெட்டது என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தைத்தான் சரிசெய்து அனுப்புகிறோம்.

கேள்வி: கோவை உக்கடத்தில் டீசல் கார் டர்போ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்ஜெக்‌ஷன் வேலை முடிந்து ஒரு வருஷமாக நன்றாக ஓடுகிறது. போடலாமா சேட்டா?
– வாசகர், சித்தூர்

ஒரு வருஷம் ஓடியதா, அப்படியானால் போடலாம். வாங்கும் இடத்திலேயே ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், அந்தப் பக்கம் அசைவே தெரியக் கூடாது. கம்ப்ரசர் இறக்கை அதன் கூட்டின் உள்சுவரில் உரசிய கோடு இருந்தால் வேண்டாம். பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வால்வுதான் வேஸ்ட்கேட். டீசல் வண்டியில் அதன் ஸ்பிரிங் பெரும்பாலும் அதிக அழுத்தத்துக்கு வைத்தது. காற்றுக் கம்ப்ரசரில் மாட்டி எத்தனை பாரில் திறக்கிறது என்று பார்த்து, அரை பாருக்குள் கொண்டு வாருங்கள். பெட்ரோல் எக்ஸாஸ்ட் டீசலைவிடச் சூடு அதிகம், அதனால் அந்த டர்போவை எப்போதும் முழு பூஸ்டில் வறுக்காதீர்கள்.

ஆயில் ரிட்டர்ன் குழாயில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே போகும் ஆயில் அழுத்தத்தில் போகிறது, வெளியே வருவது தன் எடையில் இறங்குகிறது. ரிட்டர்ன் விட்டம் பெரிதாக, வளைவு இல்லாமல், எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையென்றால் ஆயில் தேங்கி, சீல் தாண்டி, சைலன்ஸரில் நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாட்டினாலும் அதே புகைதான்.

இன்டர்கூலர் கட்டாயம். 35 டிகிரி காற்றை அரை பாருக்கு அழுத்தினால் டர்போவை விட்டு வெளியே வரும்போது 90 டிகிரியைத் தாண்டிவிடும். பாலக்காட்டு ஏப்ரலில் தொடக்கமே 40. அந்தச் சூட்டில் நாக்கிங் நிச்சயம். ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு (அரை பார் என்பது ஏறக்குறைய ஏழு பிஎஸ்ஐ) ஒரு டிகிரி என்று இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுத்து வைத்து ஆரம்பியுங்கள். டைமிங்கை இப்படிப் போர்டு பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் இனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விடை கொடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: என் மகன் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறான். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் பிடிப்பார்களா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பிடிப்பார்கள் அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும்.

அதற்காகப் பையனைத் தடுக்க வேண்டாம். பழைய எஞ்சின் ஒன்றை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, ரேடியேட்டரும் பேட்டரியும் கொடுத்து வீட்டு முற்றத்திலேயே ஓட்டிப் படிக்கலாம். இன்ஜெக்‌ஷன் வேலையில் பெரும்பகுதியை அதிலேயே கற்றுக்கொள்ள முடியும். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சின் போட்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரைச் செய்த கோவை கரிவரதன் பெயரில் உள்ள பாதை அது. அனுமதி வாங்கி, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

நீங்கள் ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள். பெட்ரோல் ஹோஸ் மேல் இன்ஜெக்‌ஷனுக்கானது என்று அச்சடித்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றதும் பம்ப் சத்தமும் ஓரிரு வினாடியில் நிற்க வேண்டும். தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் சாவியைத் திருப்ப விடாதீர்கள்.