முகத்தில் பூசுவது கருவுக்குப் போகுமா?

கர்ப்பிணிகள் எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தோல் மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 27 வயது. முகப் பொலிவுக்காக ஓராண்டாக இரவில் ரெட்டினால் சீரம் பூசி வந்தேன். நாள் தள்ளிப்போனதால் ஸ்கேன் எடுத்தபோது ஏழாவது வாரம் என்றார்கள். இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா, டாக்டர்?
(ஈரோடு வாசகி)

பதில்: அந்தச் சீரத்தை இன்றே நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் படித்த பயங்கரங்கள் பெரும்பாலும் வாய்வழி உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் மருந்தைப் பற்றியவை. கடுமையான பருக்களுக்காக 1982இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அந்த மருந்தைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் உட்கொண்ட பெண்களின் குழந்தைகளுக்குக் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் பெரிய பிறவிக் குறைகள் உண்டானது விரைவிலேயே தெரியவந்தது. ஆகவேதான், அதை உட்கொள்ளும் பெண், மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும்வரை கருத்தரிக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். சொரியாசிஸ் நோய்க்குத் தரப்படும் அசிட்ரெட்டின் உடலில் நெடுங்காலம் தங்கிவிடுவதால், அதற்கு இந்த இடைவெளி 3 ஆண்டுகள்.

ரெட்டினாலும் அதே வைட்டமின் ‘ஏ’ குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் தோலில் பூசும்போது இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். ரெட்டினாலைவிட வீரியமான ட்ரெட்டினாயின் கிரீமைக் கருவுற்றது தெரியாமல் பூசிவிட்ட பெண்களைக் கவனித்த ஆய்வுகளில், பிறவிக் குறைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்படவில்லை. அப்படியானால் ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்த ஆய்வுகளில் இடம்பெற்ற பெண்களின் எண்ணிக்கை, ‘பயமே இல்லை’ என்று கையெழுத்திட்டுத் தரும் அளவுக்குப் பெரிதல்ல; பொலிவுக்காகப் பூசும் ஒரு சீரத்தைச் சில மாதங்கள் எடுத்து வைப்பதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. கணக்கு அவ்வளவுதான். இதற்காகக் கருவைக் கலைப்பது பற்றி யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஐந்தாம் மாதத்தில் சிசுவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்க எல்லோருக்கும் எடுக்கும் அனாமலி ஸ்கேனே உங்களுக்கும் போதுமானது. ஆனால் இதைப் படிக்கும் வேறு எவரேனும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை உட்கொண்டிருந்து நாள் தள்ளிப்போயிருந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனிமேல் வாங்கும் பொருள்களின் அட்டையில் ரெட்டினால், ரெட்டினால்டிஹைடு, ரெட்டினைல் பால்மிட்டேட், ட்ரெட்டினாயின், அடப்பலீன், டசாரோட்டீன் என்ற பெயர்கள் இருந்தால் பிரசவம் முடியும்வரை ஒதுக்கிவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டுக் கேரட்டையும் முருங்கைக் கீரையையும் நிறுத்திவிடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டீன். உடல் தனக்குத் தேவையான அளவே அதை வைட்டமின் ‘ஏ’வாக மாற்றிக்கொள்ளும். தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில்கூட இல்லாத பருக்கள் நான்காம் மாதத்தில் முகமெங்கும் வந்திருக்கின்றன. குழந்தை பிறக்கும்வரை பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லையா?
(திருப்பூர் வாசகி)

பதில்: பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அசெலாயிக் அமிலம் கலந்த ஜெல்லை நான் முதலில் பரிந்துரைப்பேன். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே உள்ள பொருள் அது, கர்ப்பிணிகளுக்கு ஏற்றது, பரு விட்டுச்செல்லும் கருந்திட்டையும் மெல்லப் போக்கும். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, மருத்துவர் எழுதித் தரும் கிளின்டாமைசின் ஜெல் ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷால் முகம் கழுவுவதற்கு அஞ்ச வேண்டாம். அதே அமிலத்தை அதிகச் செறிவில் பூசி தோலின் மேலடுக்கை உரிக்க அழகு நிலையத்தில் செய்யும் ‘பீல்’ மட்டும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தொடாதீர்கள். அந்த வகை மருந்து, வளரும் சிசுவின் பல்லில் நிரந்தரக் கறையை உண்டாக்கக்கூடியது.

கேள்வி: ஆறாம் மாதம் முதல் இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் ஒரு கிரீமைச் சொல்கிறார். பத்தே நாளில் முகம் தெளிந்துவிடுமாம். என் நாத்தனார் துபாயிலிருந்து ஒரு சிவப்பழகு கிரீம் அனுப்பியிருக்கிறார். இரண்டில் எது பாதுகாப்பானது?
(மதுரை வாசகி)

பதில்: இரண்டும் வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் கர்ப்பிணிகளின் தோல் பராமரிப்பில் நான் உண்மையாகவே அஞ்சுவது இந்த இரண்டு வகைக் கிரீம்களுக்குத்தான்.

மருந்துக்கடைக் கிரீமில் பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். 1975இல் வெளியான ஒரு மருந்துக் கலவையின் வாரிசு அது. மருத்துவரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு, கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் கொடுத்தால் பயனுள்ள மருந்துதான். ஆனால் ஹைட்ரோகுவினோன் பூசிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உடலுக்குள் போய்விடுகிறது. தோல் மருந்துகளில் இவ்வளவு உறிஞ்சப்படுபவை குறைவு என்பதால் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கிறோம். ட்ரெட்டினாயினைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வீரியமான ஸ்டீராய்டு கிரீமை மிக அதிக அளவில் பூசிய தாய்மார்களுக்குக் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாயின் முகத்துக்கும் நல்லதில்லை. நிறுத்தியவுடன் சிவந்து, எரிந்து, பரு பொங்கி, மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும். சீட்டு இல்லாமல் இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, கடைக்காரரும் இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்காவும் இருக்கிறார்.

துபாய்க் கிரீமைப் பற்றிய என் அச்சம் பாதரசம். தோலில் நிறமி உண்டாவதை அது தடுப்பதால் முகம் சில நாள்களிலேயே வெளுக்கும். அதே வேளையில் தோல் வழியாகவும் ஆவியாகி மூச்சு வழியாகவும் உள்ளே சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் அடையும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் அரிய வகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்பதும், அந்தக் கிரீம்களில் பாதரசம் மிகுந்திருப்பதும் வெளிப்பட்டன. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, முகக் கிரீமில் தவறிக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பெட்டியின் மேல் ‘பாதரசம்’ என்று எவரும் எழுதி விற்பதில்லை என்பதுதான் சிக்கல். தயாரித்தவரின் முகவரி, இந்தியப் பொருளாயின் உற்பத்தி உரிம எண், இறக்குமதியாயின் பதிவு எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பூசும்போது தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தால் உடனே தூக்கி எறியுங்கள். நகையோடு கலந்து அதைக் கெடுப்பது பாதரசத்தின் இயல்பு.

மங்குக்கு என்ன செய்வது? கர்ப்பத்தில் வரும் மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு, சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் தானாகவே வெளிறிவிடும். அதுவரை வெயில் அதை வளர்க்காமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுங்கள். இவை தோலின் மேற்பரப்பிலேயே தங்குபவை. ஆக்ஸிபென்சோன் முதலிய வேறு சில பொருள்கள் இரத்தத்தில் கலப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் கண்டறிந்தது. அதனால் தீங்கு நேர்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றாலும், மாற்று கையில் இருக்கும்போது அவற்றை நாடுவானேன்? கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மங்கு படர்ந்த இடத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுங்கள். கடுகளவு தொட்டு வைத்தால் பயனில்லை. மதுரை வெயிலுக்குக் குடையும் வேண்டும். மேலே சொன்ன அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, வைட்டமின் ‘சி’ சீரம் ஆகியவற்றைத் தயங்காமல் பூசலாம்.

கேள்வி: என் மருமகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் குறித்திருக்கிறோம். மருதாணி, மஞ்சள், வீட்டில் அரைத்த குளியல் பொடி என எதைக் கொடுத்தாலும் ‘டாக்டரைக் கேட்க வேண்டும்’ என்கிறாள். நாங்கள் எல்லாம் பூசிக் குளித்துத்தானே பிள்ளை பெற்றோம்?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: அம்மா, முக்கால் பங்கு உங்கள் பக்கம், கால் பங்கு மருமகள் பக்கம். மருதாணி இலையைப் பறித்து அரைத்து வைப்பதானால் தாராளமாக வையுங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு குடும்பத்தில் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். கடையில் விற்கும் கூம்புகளில்தான் கவனம் தேவை. இலை மருதாணி சில மணி நேரம் வைத்தால்தான் பிடிக்கும், செம்மஞ்சளாகத்தான் சிவக்கும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’யில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாராபினைலீன்டையமின் இருக்கக்கூடும், கை கொப்பளித்துத் தழும்பாகிவிடும்.

குளியல் பொடியில் பாசிப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. கார்போகரிசியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். மங்கு வரும் காலத்தில் அது தேவையற்ற வம்பு. ‘தாவர ரெட்டினால்’ என்று இப்போது விளம்பரப்படுத்தப்படும் பகுச்சியால் அதே விதையிலிருந்து எடுக்கப்படுவதுதான். அது ரெட்டினால் வகையல்ல என்றாலும், கர்ப்பிணிகளிடம் போதிய அளவு சோதிக்கப்படவில்லை. மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்; பளீரென்று மின்னும் உதிரிப் பொடியில் ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் மோசடி உண்டு. இதே ஈயத்துக்காகவே, வெளிநாட்டிலிருந்து வரும் சுர்மாவையும் கண்ணில் தீட்ட வேண்டாம் என்கிறேன். பேரப்பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ வாங்கி வைத்திருப்பீர்கள். நிறம் தாய் தந்தையின் மரபணுவில் முடிவாகிவிட்ட ஒன்று. பாலின் மணத்துக்காக வேண்டுமானால் இரண்டு இதழ் போடுங்கள்.

கேள்வி: வயிற்றில் வரி விழாமல் இருக்க 1,200 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கிப் பூசுகிறேன். இப்போது 33ஆம் வாரம். ஒரு வாரமாக இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரிக்கின்றன. தடிப்பு எதுவும் இல்லை. எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா? எந்த லோஷன் பூசலாம்?
(நாகர்கோவில் வாசகி)

பதில்: எண்ணெயைப் பற்றிய பதில் எளிது. வயிற்று வரியை எந்த எண்ணெயும் கிரீமும் தடுப்பதாக உறுதியான சான்று இல்லை. தோல் வறளாமல் இருக்க நாகர்கோவில் தேங்காய் எண்ணெயே போதும்.

அரிப்புக்கு நான் லோஷன் எழுதப் போவதில்லை. தடிப்பு இல்லாமல், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவு மிக அதிகமாக ஏறினால் வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து உண்டு, குறைப்பிரசவமும் நேரலாம். பித்த அமிலப் பரிசோதனையும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும். முடிவைப் பொறுத்து மகப்பேறு மருத்துவர் மாத்திரை தருவார், குழந்தையை அடிக்கடி கண்காணிப்பார், பிரசவ நாளை முன்கூட்டியே குறிப்பார். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். இதே அரிப்போடு எந்த லோஷன் நல்லது என்று தேடிக்கொண்டிருக்கும் மற்ற வாசகிகள், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.