தொடையில் மட்டும் கொழுப்பு சேருகிறதே, அதை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொள்ளலாமா?

கேட்டிருக்கும் விதத்திலேயே புரிகிறது: வயிறு ஒட்டித்தான் இருக்கும், தொடை பருத்திருக்கும், யாரோ சொல்லிக்காட்டியிருப்பார்கள். எனக்கும் அதே உடல்வாகு. அதனால்தான் எழுதுகிறேன்.

கொழுப்புச் செல்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளர்வதில்லை. வளர்ந்தவர்களுக்கு அவற்றின் எண்ணிக்கை மாறுவதில்லை என்று 2008-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. ஆனால் 2010-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிலரை எட்டு வாரம் அதிகமாகச் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் இருந்த செல்கள் உப்பிப் பெருத்தன. தொடையிலோ புதுச் செல்கள் முளைத்தன. இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. அளவுமீறி உப்பிய செல் இன்சுலினுக்குச் சரிவரக் கட்டுப்படாது. அது ரத்தத்தில் விடும் கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்ப் படியும். புதுச் செல்கள் கிடைத்தால் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாதவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருவதும் இதனால்தான்.

என் அண்ணனுக்குக் கை கால் குச்சி, வயிறு மட்டும் தள்ளியிருக்கும். ஒருமுறை இருவரும் முழு உடல் பரிசோதனைக்குப் போனோம். எடை மெஷினில் நான் ஏறி இறங்குவதற்குள் புத்திமதி ஆரம்பித்துவிட்டது. அவனிடம் "உங்களுக்கென்ன, ஒல்லியாத்தானே இருக்கீங்க" என்றார்கள். ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, ஈரல் கொழுப்பு மூன்றும் அவனுக்குத்தான் அதிகம். எனக்கு எல்லாம் சரியான அளவில். அதற்கு முன்பும் எத்தனையோ தடவை டாக்டரிடம் போயிருக்கிறான். ஒருவர்கூட அவன் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்ததில்லை. என்னைப் பேசியதை விடுங்கள், அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கலாமே என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

நான் டாக்டர் இல்லை. 'குண்டாக இருப்பதற்கு நியாயம் கற்பிக்கிறாள்' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஒரு வீட்டுக் கதை ஆதாரமாகாது, தெரியும். எடை ஏறினால் மூட்டு தேயும், அதுவும் தெரியும். ஆனால் மேலுடம்புக் கொழுப்பும் கீழுடம்புக் கொழுப்பும் ஒன்றல்ல என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதிவிட்டார். நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

லைப்போசக்‌ஷனுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. தொடைக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்ட பெண்களுக்கு ஒரு வருடத்தில் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கே வந்துவிட்டது. தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றில் போய்ச் சேர்ந்தது. நானாக இருந்தால் செய்துகொள்ள மாட்டேன். டேப் எடுத்து வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள். உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் தொடையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: ரெடிமேட் பேன்ட் தைப்பவர்கள் யாரை அளவெடுத்துத் தைக்கிறார்கள்? தொடையில் ஏறினால் இடுப்பில் நிற்பதில்லை, இடுப்புக்குப் பார்த்தால் முட்டிக்கு மேல் ஏறுவதில்லை. நம் மாதிரி உடம்பு உலகத்தில் இல்லாத உடம்பா?