சத்தம் கூட்டினால் அம்ப் அணைகிறது: உப்புவெளி நண்பருக்குப் பதில்

நான்கு ஸ்பீக்கர் மாட்டியபின் சத்தம் கூட்டினால் அம்ப் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) அணைகிறது, இடப்பக்கம் கரகரக்கிறது என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

ஒரு சனலில் (இட அல்லது வலப் பக்க வெளியீட்டில்) 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக, அதாவது சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்புமாகக் கொடுத்தால் சுமை 2 ஓம் ஆகிவிடும். ஓம் என்பது மின்தடையின் அளவு; அது குறைந்தால் மின்னோட்டம் கூடும். உங்கள் அம்பின் பின்புறம் 4–8 ஓம் என்றுதான் இருக்கிறது. அவ்வளவு மின்னோட்டத்தை அது தாங்காது; பாதுகாப்பு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வெட்டுவது நல்லதற்கே. தொடராக இணையுங்கள், 8 ஓம் வரும்: அம்பின் சிவப்பு முதல் ஸ்பீக்கரின் சிவப்புக்கு, அதன் கறுப்பு இரண்டாவதின் சிவப்புக்கு, இரண்டாவதின் கறுப்பு அம்பின் கறுப்புக்கு.

கரகரப்புக்கு முதலில் கடற்காற்றைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பச்சை பிடித்த வயர் நுனியை வெட்டி, 1 செ.மீ. புதுச்செம்பு தெரியச் சீவி முறுக்குங்கள். ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. பிறகும் கேட்டால், அம்பை அணைத்து, அதன் பின்புறம் இட, வல ஸ்பீக்கர் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கருக்குப் போனால் குறை அம்பிலோ அதற்குள் வரும் வயரிலோதான். மூடியை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம். பிளக் கழற்றினாலும் கெப்பாசிட்டரில் (மின்னைச் சேமிக்கும் பாகத்தில்) மின் தங்கியிருக்கும்.