வாசகர் கேள்விகள்: திரையில் புகையும் மறைவும்

கேள்வி: கதாநாயகன் புகைக்குண்டை வீசிவிட்டுத் தப்புவதும், புகை கலைந்ததும் வில்லனின் ஆட்கள் திருதிருவென்று விழிப்பதும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டன. புகையோ மூடுபனியோ மறைப்பாக நின்று, உண்மையிலேயே மனத்தை உலுக்கிய காட்சிகள் உலகப் படங்களில் உண்டா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்டு. என்னைக் கேட்டால், கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபௌலோஸ் 1995-இல் எடுத்த ‘யுலிசஸ் கேஸ்’ படத்தில் வரும், போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் காட்சிக்கே முதலிடம் தருவேன். பால்கன் நாடுகளின் திரைப்பட முன்னோடிகளான மனாக்கி சகோதரர்கள் எடுத்து, கழுவப்படாமலே போன மூன்று படச்சுருள்களைத் தேடி அலையும் ஓர் இயக்குநர், முற்றுகையில் சிக்கிய சரயேவோவுக்கு வந்து சேர்கிறார்; அந்த வேடத்தில் ஹார்வி கைட்டல் நடித்திருக்கிறார். மறைந்திருந்து சுடுபவர்களுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்நகர மக்களுக்கு மூடுபனி இறங்கும் நாள்தான் திருநாள். குறிபார்ப்பவனின் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்ற தைரியத்தில் தெருவுக்கு வருகிறார்கள். இளைஞர்கள் வாத்தியம் இசைக்கிறார்கள், நாடகம் போடுகிறார்கள், நடனம் ஆடுகிறார்கள். சுருள்களைப் பாதுகாத்து வந்த முதியவரும் தம் குடும்பத்தோடு ஆற்றோரம் உலாவப் புறப்படுகிறார்.

அடுத்து வருவதுதான் நான் சொல்ல வந்த பகுதி. முன்னால் நடந்துபோன குடும்பத்தினர் வெண்மைக்குள் மறைந்துவிடுகிறார்கள். ஒரு வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்கிறது. அதட்டும் குரல்கள், கெஞ்சும் குரல்கள், பிறகு துப்பாக்கிச் சத்தம். திரையில் வெள்ளையைத் தவிர எதுவுமே இல்லை; கேமரா அவர்களைத் தேடிக்கொண்டு போவதும் இல்லை. இத்தனை நேரம் மக்களைக் காத்த அதே பனி இப்போது கொலைகாரர்களுக்குத் திரையாகிவிட்டதை, கண்ணால் ஒன்றையும் காணாமல் காதால் மட்டுமே நாம் உணர்கிறோம். இரத்தத்தைக் காட்டிப் பதறவைக்கும் எத்தனையோ போர்ப் படங்களைப் பார்த்திருந்தாலும், இந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஏற்பட்ட கலக்கத்தை வேறெந்தப் படமும் எனக்குத் தந்ததில்லை.

‘மேக்பெத்’ நாடகத்தைத் தழுவி அகிரா குரோசாவா 1957-இல் எடுத்த ‘த்ரோன் ஆஃப் பிளட்’ படத்திலும் மூடுபனிக்குப் பெரும் பங்கு உண்டு. காட்டில் ஆவியின் வாக்கைக் கேட்டுத் திரும்பும் இரண்டு குதிரை வீரர்கள் பனிக்குள் வழி தெரியாமல் தவிக்கிறார்கள். கேமராவை நோக்கிப் பாய்ந்து வந்து, நின்று, திகைத்து, திரும்பிப் பனிக்குள் மறைகிறார்கள். இது திரும்பத் திரும்ப நடக்கிறது. பொறுமையற்ற ஓர் இயக்குநர் இரண்டே முறையில் முடித்திருப்பார். குரோசாவா நீட்டியதால்தான், வழி தவறியது கால்களா புத்தியா என்று நமக்கே சந்தேகம் வருகிறது. முடிவில் எதிரிப் படை மரக்கிளைகளைச் சுமந்து நெருங்குவதும் பனிக்குள்ளேதான்: ஆட்கள் தெரியவில்லை, மரங்கள் மட்டும் அசைந்து வருகின்றன.

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நௌ’ (1979) படத்தில் வரும் ஊதாநிறப் புகையையும் விட்டுவிட முடியாது. போர்க்களத்தில் வண்ணப் புகைக்குண்டு பெரும்பாலும் தம் இருப்பிடத்தை ஹெலிகாப்டருக்குக் காட்டப் பயன்படுவது. படகிலுள்ள ஒரு வீரன் அதை விளையாட்டாகக் கொளுத்துகிறான். சற்று நேரத்தில் கரையிலிருந்து குண்டுகள் பாய்கின்றன. தாயின் குரல் பதிந்த ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் இறந்துபோகிறான். நாடா ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புகை தம்மை மறைத்ததா, காட்டிக்கொடுத்ததா என்று படகிலிருப்பவர்கள் யோசிப்பதற்குக்கூட நேரமில்லை.

கேள்வி: செட்டின் குறைகளை மறைப்பதற்காகவே புகை போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உண்மைதான்; அதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ‘காஸாபிளாங்கா’ (1942) படத்தின் புகழ்பெற்ற விமான நிலையக் காட்சி ஸ்டுடியோவுக்குள் எடுக்கப்பட்டது. பின்னணியில் நிற்பது நிஜ விமானமன்று, சிறிய அளவில் செய்த மாதிரி. அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குள்ளமானவர்களை விமானப் பணியாளர்களாக நடமாட விட்டு, மேலே பனிமூட்டத்தையும் பரப்பினார்கள். மொராக்கோ என்றால் பாலைவனம்தானே, அங்கே ஏது பனி என்று கேட்பவர்கள் உண்டு. காஸாபிளாங்கா அட்லாண்டிக் கடற்கரை நகரம் என்பதை அவர்கள் நினைவில் கொள்ளலாம். பிரிவுத் துயரத்துக்கு அந்த மூட்டம் எவ்வளவு பொருந்திவிட்டது என்றால், சிக்கனத்துக்காகச் செய்தது என்று இன்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்திலும் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் பழைய தெரு செட்தான் எதிர்கால லாஸ் ஏஞ்சல்ஸாக மாறியது. இரவு, மழை, புகை ஆகிய மூன்றும் சேர்ந்து அதன் பழமையை மறைத்தன.

கேள்வி: அந்தப் புகையை எப்படி உண்டாக்குகிறார்கள்? (அதே வாசகி)

பதில்: தரையோடு தவழ்ந்து போக வேண்டுமானால் டிரை ஐஸ், அதாவது மைனஸ் 78 டிகிரியில் உறைந்திருக்கும் கரியமில வாயு. அதை வெந்நீரில் போட்டால் எழும் வெண்மூட்டம் குளிர்ந்தும் கனத்தும் இருப்பதால் மேலே போகாமல் தாழ்ந்தே பரவும். அறை முழுவதும் நிறைய வேண்டுமானால் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஊதும் இயந்திரம். எதைப் போட்டாலும் விளக்கு பின்னாலிருந்து வந்தால்தான் புகைக்கு உருவம் கிடைக்கும். முன்னாலிருந்து அடித்தால் படம் வெளிறிப்போகும்.

உண்மையான தலைவலி தொடர்ச்சிதான். ஒரு ஷாட்டில் அடர்த்தியாக இருந்த புகை அடுத்த ஷாட்டுக்குள் மெலிந்துவிட்டால் வெட்டி ஒட்டும்போது காட்சி துள்ளும். அதனால் கதவுகளை அடைத்து, ஏசியை நிறுத்தி, புகை சமமாகப் பரவும்வரை ஒளிப்பதிவாளர் காத்திருப்பார். அந்த அடைத்த தளத்தில் நாள் முழுவதும் நிற்கும் லைட்மேன்களுக்குத் தொண்டை வறண்டு இருமல் வருவதுண்டு. ஷாட்டுகளுக்கு நடுவே கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டால் மறுபடி புகை போட்டுச் சமப்படுத்த நேரம் பிடிக்கும் என்றாலும், அந்த நேரத்தைத் தயாரிப்பாளர்கள் கணக்கில் சேர்த்தே நாளைத் திட்டமிட வேண்டும்.