தேர்ந்தெடுத்த வரிகளைக் கணக்கில் வைப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கணினிக் கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. திரையில் உள்ள பட்டியலில் பயனர் தேர்ந்தெடுத்த வரிகளைப் புரோகிராம் தவறவிடாமல் பிடித்து வைத்திருப்பது எப்படி? அவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தோவாளை மலர்ச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற திரை அமைக்கும் கருவித்தொகுப்பில் பில் புரோகிராம் எழுதியிருக்கிறேன். பிச்சி, மல்லிகை, அரளி என்று வந்த வரத்தை லிஸ்ட்வியூ என்ற பட்டியல் பெட்டியில் காட்டி, தேர்ந்தெடுத்த வரிகளின் மொத்தத் தொகையைக் கீழே போடுகிறேன். ஒரு வரியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது தொகை ஒரு கணம் பூஜ்யமாகிறது. சில நேரம் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஷிஃப்ட் அழுத்தி 300 வரிகளை எடுத்தால் திரை அப்படியே உறைந்துபோகிறது. ஏன்?

பதில்: மூன்றுக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் பயன்படுத்தும் 'செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்ட்' ஈவென்ட் (ஏதாவது நடந்ததும் புரோகிராமுக்கு வரும் அறிவிப்பு), "பயனர் தேர்வை முடித்துவிட்டார்" என்று சொல்வதில்லை. ஒரு வரியின் நிலை மாறியது என்று மட்டுமே சொல்கிறது. நான்காம் வரியிலிருந்து ஏழாம் வரிக்குப் போனால், நான்கு விடுபட்டதற்கு ஒரு முறையும் ஏழு சேர்ந்ததற்கு ஒரு முறையும் ஆக இரண்டு முறை வரும். முதல் முறை வரும்போது எதுவுமே தேர்வில் இல்லை. அதனால்தான் தொகை பூஜ்யம். அந்த நேரத்தில் 'செலக்டட்ஐட்டம்ஸ்' தொகுப்பின் முதல் உறுப்பை, அதாவது பூஜ்யமாவது இடத்தில் உள்ளதை, நேரடியாக எடுக்கப் போனால் 'ஆர்குமென்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' பிழை விழும். எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்காமல் அந்த உறுப்பைத் தொடவே கூடாது.

300 வரி கதையும் இதுதான். ஈவென்ட் 300 முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த வரிகளை முதலிலிருந்து கூட்டினால் 1, 2, 3 என்று 300 வரை ஏறி, மொத்தம் 45,150 முறை வரிகளைப் படிக்கிறீர்கள். அதோடு 'ஃபார்' சுற்றில் வரிசை எண் கொடுத்து 'செலக்டட்ஐட்டம்ஸ்' உறுப்பை எடுத்தால், கண்ட்ரோல் (திரையில் உள்ள பெட்டி, இங்கே லிஸ்ட்வியூ) ஒவ்வொரு முறையும் பட்டியலின் தலையிலிருந்து தேடிக்கொண்டு வரும். 'ஃபார்ஈச்' சுற்றில் அந்தச் சிக்கல் இல்லை, தொகுப்பை ஒரே தடவை நகலெடுத்துக்கொண்டு ஓடும்.

தீர்வு எளிது. ஃபார்மில் ஒரு டைமரை வையுங்கள், இன்டர்வல் 50 மில்லிசெகண்ட். ஈவென்ட் வரும்போது கணக்குப் போடாதீர்கள். டைமரை நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள், அவ்வளவே. டைமர் அடிக்கும்போது முதலில் அதை நிறுத்திவிட்டு, 'ஃபார்ஈச்' சுற்றில் ஒரே முறை கூட்டுங்கள். 300 வரி வந்தாலும் கூட்டல் ஒன்றுதான். 50 மில்லிசெகண்ட் தாமதம் கண்ணுக்குத் தெரியாது.

'ஐட்டம்செலக்ஷன்சேஞ்ச்ட்' என்ற இன்னொரு ஈவென்ட் எந்த வரி, சேர்ந்ததா விடுபட்டதா என்று சொல்லும். அதை வைத்துத் தொகையைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும். பணக் கணக்கில் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தேர்வில் இருக்கும் வரியின் எடையை யாராவது நடுவில் திருத்தினால், பழைய தொகை கூடி, புதிய தொகை கழிந்து, வித்தியாசம் அப்படியே தங்கிவிடும். சில நூறு வரிகளை மறுபடி கூட்டுவது கணினிக்கு ஒரு வேலையே அல்ல. தொகைக்கு 'டபுள்' எண் வகை வேண்டாம், 'டெசிமல்' பயன்படுத்துங்கள்; பைசா பிசகாது.

கேள்வி: குளச்சலில் மீன் ஏலக் கணக்குக்கான புரோகிராம். 10 விநாடிக்கு ஒரு முறை டேட்டாபேஸிலிருந்து பட்டியலைப் புதுப்பிக்கிறேன். புதுப்பித்ததும் தேர்வு போய்விடுகிறது என்பதால், வரி எண்களை ஒரு லிஸ்டில் சேமித்துத் திரும்பப் போடுகிறேன். ஆனால் சாளையைத் தேர்ந்தெடுத்திருந்தால் சற்று நேரத்தில் அயிலை தேர்வில் நிற்கிறது.

பதில்: வரி எண் என்பது அந்தச் சரக்கின் அடையாளம் அல்ல, அந்த நிமிடம் அது நின்ற இடம். மேலே ஒரு புது ஏலம் வந்து சேர்ந்தால் கீழே உள்ள எல்லாம் ஒன்று இறங்கிவிடும். விலைவாரியாக அடுக்கினாலும், மீன் வகையை வைத்து வடிகட்டினாலும் இதே கதி. தவறான சரக்குக்குப் பில் போகும் என்பதால் இதைச் சிறிய பிழை என்று விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொரு ஏலப் பதிவுக்கும் டேட்டாபேஸில் ஒரு சாவி எண் இருக்கும். பட்டியலில் வரியைச் சேர்க்கும்போதே அந்த எண்ணை அதன் 'டேக்' பண்பில் வைத்துவிடுங்கள். தேர்வான சாவிகளுக்கென்று ஃபார்ம் அளவில் ஒரு 'ஹாஷ்செட்' (ஒரே மதிப்பு இரண்டு முறை சேராத தொகுப்பு) வையுங்கள். இனி தேர்வு எது என்பதற்கு அந்த ஹாஷ்செட்தான் ஆதாரம். திரையில் தெரியும் நீலப் பட்டை அதன் நிழல் மட்டுமே.

புதுப்பிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் 'நிரப்பல் நடக்கிறது' என்று ஒரு பூலியன் கொடியை (உண்மை அல்லது பொய் மட்டும் வைக்கும் மாறியை) ஏற்றுங்கள். தேர்வு ஈவென்ட்டுக்குள் முதல் வேலையாக அந்தக் கொடியைப் பார்த்து, ஏறியிருந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். அடுத்து 'பிகின்அப்டேட்' (பட்டியலைத் திரையில் வரைவதை நிறுத்திவைப்பது), பிறகு பழைய வரிகளை அழித்துப் புதியவற்றைச் சேர்ப்பது. சேர்த்து முடித்ததும் ஒவ்வொரு வரியின் சாவியும் ஹாஷ்செட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 'செலக்டட்' பண்பை உண்மையாக்குங்கள். 'எண்ட்அப்டேட்' செய்து, கொடியை இறக்கி, மொத்தத்தை ஒரு முறை கணக்கிடுங்கள். கொடியை, பிழை வந்தாலும் ஓடும் 'ஃபைனலி' பகுதியில் இறக்குவது நல்லது. நடுவில் டேட்டாபேஸ் பிழை வந்து கொடி ஏறியபடியே நின்றுவிட்டால், அதன்பின் எந்தத் தேர்வும் பதிவாகாது. காரணம் கண்டுபிடிக்க நாள் முழுக்கத் திண்டாட வேண்டியிருக்கும்.

டேட்டாபேஸிலிருந்தே நீக்கப்பட்ட பதிவுகளின் சாவிகளையும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் ஹாஷ்செட்டிலிருந்து களைய வேண்டும். வடிகட்டியதால் திரையில் தெரியாமல் போன வரிகள் வேறு வகை. அவை இருக்கின்றன, தெரியவில்லை, அவ்வளவுதான். அவற்றின் சாவியை வைத்திருங்கள். ஆனால் "தேர்வு 7, இதில் 3 திரையில் இல்லை" என்று கீழே காட்டுங்கள். கண்ணில் படாத வரியை அழிக்கவோ பில் போடவோ பயனரைக் கேட்காமல் துணியாதீர்கள்.

கேள்வி: தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பக்கத்தில் உள்ள டெக்ஸ்ட்பாக்ஸைத் தொட்டதும் லிஸ்ட்வியூவில் தேர்வு மறைந்துவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை கேட்டால் சரியாகச் சொல்கிறது.

பதில்: தேர்வு போகவில்லை, நிறம்தான் மறைகிறது. 'ஹைட்செலக்ஷன்' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். ஃபோகஸ் போனாலும் வரி வெளிர் நிறத்தில் தெரியும்.

இதோடு ஒரு யோசனை. காலை முதல் மாலை வரை நின்று நிதானமாகச் சேர்க்க வேண்டிய தேர்வு என்றால் நீலப் பட்டையை நம்பாதீர்கள். கண்ட்ரோல் விசையை விட்டுவிட்டு ஒரு கிளிக் செய்தால் நாற்பது வரித் தேர்வும் ஒரு நொடியில் போய்விடும். அங்கே 'செக்பாக்ஸஸ்' பண்பை இயக்கி டிக் போட வைப்பதே சரி. வரியில் டபுள் கிளிக் செய்தாலும் டிக் மாறும், பட்டியலை நிரப்பும்போதும் 'ஐட்டம்செக்ட்' ஈவென்ட் வரும் என்ற இரண்டையும் கவனியுங்கள். மேலே சொன்ன கொடி இங்கும் வேண்டும்.

கேள்வி: குழித்துறை வாசகர்: லிஸ்ட்பாக்ஸில் தேர்ந்தெடுத்த வரிகளை நீக்கினால் சில மட்டும் தப்பிவிடுகின்றன. 'ஃபார்ஈச்' போட்டால் பிழை வருகிறது.

பதில்: ஒரு வரி நீங்கியதும் அடுத்தது மேலே ஏறி அதன் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது; உங்கள் சுற்று அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கடைசி எண்ணிலிருந்து பூஜ்யம் வரை கீழிருந்து மேலாக நீக்குங்கள். லிஸ்ட்பாக்ஸில் 'ஃபார்ஈச்' ஓடும்போதே தொகுப்பை மாற்றக் கூடாது என்பதால்தான் அந்தப் பிழை. முதலில் தனி லிஸ்டாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலில் சுற்றி நீக்கலாம்.

கேள்வி: நாகர்கோவிலில் முந்திரி ஏற்றுமதி நிறுவனத்துக்காக 80,000 வரிகள் கொண்ட பட்டியல். வேகத்துக்காக 'விர்ச்சுவல்மோட்' போட்டேன். 'செலக்டட்ஐட்டம்ஸ்' கேட்டாலே 'இன்வேலிட் ஆபரேஷன்' பிழை. அடுக்கு வரிசையை மாற்றினால் தேர்வு வேறு வரிக்குப் போகிறது.

பதில்: விர்ச்சுவல்மோடில் வரிகள் கண்ட்ரோலிடம் இல்லை; தேவைப்படும்போது உங்களிடம் கேட்டு வாங்குகிறது. அதனால் 'செலக்டட்ஐட்டம்ஸ்', 'செக்ட்ஐட்டம்ஸ்' இரண்டும் வேலை செய்யாது. தேர்வான வரி எண்களைத் தரும் 'செலக்டட்இண்டிசஸ்' மட்டும் கிடைக்கும். அந்த எண்ணை உங்கள் சொந்த வரிசையில் போட்டுப் பதிவை எடுங்கள்.

தேர்வு வேறு வரிக்குப் போவதாகத் தெரிந்தாலும் உண்மையில் தேர்வு அசையவில்லை. அதன் கீழிருந்த தரவுதான் இடம் மாறியது. கண்ட்ரோலுக்கு எண் மட்டுமே தெரியும். அடுக்குவதற்கு முன் தேர்வான சாவிகளை எடுத்து வையுங்கள், 'செலக்டட்இண்டிசஸ்' தொகுப்பைக் காலி செய்யுங்கள், தரவை அடுக்குங்கள், ஒவ்வொரு சாவியின் புதிய எண்ணையும் ஒரு 'டிக்ஷனரி' (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு) மூலம் கண்டு திரும்பச் சேருங்கள்.

ஷிஃப்ட் அழுத்தி ஒரு தொடராகத் தேர்ந்தெடுத்தால் இங்கே வரிக்கு ஒரு ஈவென்ட் வராது. 'விர்ச்சுவல்ஐட்டம்ஸ்செலக்ஷன்ரேஞ்ச்சேஞ்ச்ட்' என்ற ஈவென்ட் தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் ஒரே முறை தரும். மொத்தத் தேர்வும் நீங்கும்போதும் தனித்தனி அறிவிப்பு கிடையாது. ஆகவே 'செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்ட்', இது ஆகிய இரண்டு ஈவென்ட்டுகளையும் முதல் பதிலில் சொன்ன டைமரோடு இணைத்துவிட்டு, டைமர் அடிக்கும்போது 'செலக்டட்இண்டிசஸ்' முழுவதையும் படிப்பதே பாதுகாப்பு.

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கணக்குக்காக பைத்தான் மொழியில், டிகின்டர் என்ற திரை அமைக்கும் கருவித்தொகுப்பில் எழுதுகிறேன். இடது லிஸ்ட்பாக்ஸில் உறுப்பினர், வலதில் மாதம். வலதைத் தொட்டால் இடது தேர்வு அழிகிறது, கூடவே 'இண்டெக்ஸ்எரர்'.

பதில்: டிகின்டர் லிஸ்ட்பாக்ஸ் தன் தேர்வை எக்ஸ் விண்டோ முறையின் (யூனிக்ஸ் வகைக் கணினிகளின் திரை முறை) பொதுத் தேர்வாக ஏற்றுமதி செய்யும் பழக்கம் உள்ளது. பொதுத் தேர்வு ஒன்றுதான் இருக்க முடியும். எனவே இரண்டாவது பட்டியல் எடுத்ததும் முதலாவது இழக்கிறது. இரண்டு லிஸ்ட்பாக்ஸ்களையும் உருவாக்கும்போதே 'எக்ஸ்போர்ட்செலக்ஷன்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். ஒன்றில் மட்டும் செய்தால், வேறொரு பெட்டியில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றதன் தேர்வு அழியலாம். 'கர்செலக்ஷன்' தருவது ஒரு டியூப்பிள் (மாற்ற முடியாத மதிப்பு வரிசை), அது காலியாகவும் இருக்கலாம். காலியா என்று பார்த்த பிறகே முதல் உறுப்பை எடுங்கள்.

பட்டியல் வளரும் என்றால் லிஸ்ட்பாக்ஸை விட்டு 'ட்ரீவியூ'வுக்கு மாறுங்கள். வரியைச் சேர்க்கும்போது 'ஐஐடி' என்ற இடத்தில் உறுப்பினர் எண்ணையே கொடுத்தால், 'செலக்ஷன்' கேட்கும்போது அதுவே திரும்ப வரும்; சரத்தாக (எழுத்துத் தொடராக) வரும் என்பதால் எண்ணாக மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் கடைக்கு டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் திரை அமைக்கும் இன்னொரு கருவித்தொகுப்பு) புரோகிராம். வரியின் 'இஸ்செலக்டட்' பண்பைத் தரவோடு பைண்ட் (ஒன்று மாறினால் மற்றதும் மாறும்படி இணைப்பு) செய்திருக்கிறேன். கண்ட்ரோல்–ஏ அழுத்தினால் 400 வரியும் நீலமாகிறது, தரவில் முப்பது சொச்சம் மட்டுமே தேர்வாகப் பதிகிறது.

பதில்: லிஸ்ட்பாக்ஸ் திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டுமே உருவம் கொடுக்கிறது. உருவம் இல்லாத வரிக்கு பைண்டிங்கும் இல்லை. விர்ச்சுவலைசேஷன் எனப்படும் இந்த ஏற்பாட்டை நிறுத்தினால் சரியாகும், ஆனால் பட்டியல் கனத்துவிடும். அதற்குப் பதில் 'செலக்ஷன்சேஞ்ச்ட்' ஈவென்ட்டில் வரும் 'ஆடட்ஐட்டம்ஸ்', 'ரிமூவ்ட்ஐட்டம்ஸ்' இரண்டையும் கொண்டு உங்கள் ஹாஷ்செட்டைத் திருத்துங்கள்; அவை உருவம் இல்லாத வரிகளையும் சேர்த்தே சொல்லும். வரிக்குள் ஒரு காம்போபாக்ஸ் இருந்தால் அதன் 'செலக்ஷன்சேஞ்ச்ட்' மேலே ஏறி உங்கள் கையாளுநரையும் (ஈவென்ட் வந்ததும் ஓடும் பகுதியை) தட்டும். ஷீட்டின் கிரேடை மாற்றினாலே தேர்வு மாறியதாகத் தோன்றும் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. 'ஒரிஜினல்சோர்ஸ்' உங்கள் லிஸ்ட்பாக்ஸ்தானா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.